கையில நாலு சீட்டு, செல்றது ரெண்டுதான்: ஒமாஹா போக்கர் வந்த கதை

ஏப்ரல் 15 ஆச்சுன்னா காசிமேட்டுல விசைப்படகு எல்லாத்தையும் கட்டிப்போட்டுடுவாங்க. ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், வலை பின்றது, பெயின்ட் அடிக்கிறது, எஞ்சின இறக்கி வேலை பாக்குறதுன்னு பகல் எப்படியோ ஓடிடும், பொழுது சாஞ்சா எங்க தெருவுல சீட்டுக்கட்டு வெளிய வந்துடும். காசு வச்சு ஆடுனா போலீஸ் வரும்ன்ற பயம் இருக்கு, அதனால எங்க மொட்டமாடியில சித்தி புளி உடைச்சு எடுத்து வச்ச கொட்டைதான் காசு. ரம்மி, மூணு சீட்டு, கூட்டம் ஜாஸ்தியா இருந்தா மங்காத்தா. இந்த வாட்டி நான் சும்மா இல்லாம சித்தப்பாவுக்கு ஒமாஹான்ற நாலு சீட்டு போக்கர சொல்லிக் குடுத்துட்டேன்.

சித்தப்பாவப் பத்தி ஒரு வார்த்தை சொல்லிடுறேன். மூணு சீட்டுல அவர் கைய ஏரியாவே மதிக்கும். பிளைண்ட்லயே நாலு ரவுண்டு போவாரு, சீட்ட எடுத்துப் பாக்கவே மாட்டாரு, எதிர்ல உக்காந்திருக்கவன் கையில ஜோடி இருந்தாலும் வேர்த்துப்போய் சீட்ட கவுத்துட்டு ஒதுங்கிடுவான். அப்படிப்பட்ட ஆளு ஒமாஹாவுல முதல் அரை மணி நேரத்துலயே நூறு கொட்டையும் தொலைச்சாரு. எப்படின்னா, கீழ எல்லாருக்கும் பொதுவா வந்த அஞ்சு சீட்டு இஸ்பேட் ராஜா, இஸ்பேட் ஒம்போது, இஸ்பேட் ஆறு, இஸ்பேட் ரெண்டு, அப்பறம் ஆட்டின் ஒம்போது. சித்தப்பா கையில இஸ்பேட் ஆஸு, கிளாவர் ஆஸு, டைமன்ல ஜாக்கியும் பத்தும். எதிர்ல என் தம்பி, அவன் கையில இஸ்பேட்ல ஏழும் மூணும். சித்தப்பா இருக்குற கொட்டையெல்லாம் தள்ளிட்டு ஆஸு கலர், அதாவது அஞ்சும் ஒரே ஜாதின்னு சீட்டப் போட்டாரு, தம்பி கொட்டைய வாரிக்கிட்டான்.

"இன்னாடா இது, ஆஸு என்னாண்ட கீது, கீழ நாலு இஸ்பேட் கீது, அஞ்சாச்சா இல்லியா?"

"இல்ல சித்தப்பா, கையில இருந்து ரெண்டு சீட்டு கண்டிப்பா வரணும், ஒண்ணு மட்டும் எடுத்தா செல்லாது. உங்க கையில இஸ்பேட் ஒண்ணுதான இருக்கு."

"எவன்டா போட்டான் இந்த ரூல?"

கேள்வி நியாயமானதுதான்.

இன்னிக்கு உலகம் பூரா போக்கர்னா எல்லாரும் சொல்றது டெக்ஸாஸ் ஹோல்டம். ஆளுக்கு ரெண்டு சீட்டு, நடுவுல பொதுவா அஞ்சு சீட்டு, முதல்ல மூணு தொறப்பாங்க அது ஃப்ளாப், அடுத்தது டர்ன், கடைசி சீட்டு ரிவர், இந்த ஏழுல நல்லதா எந்த அஞ்சு வேணும்னாலும் சேத்துக்கலாம், கையில இருந்து ஒண்ணு எடுத்தாலும் சரி எடுக்கலன்னாலும் சரி. டெக்ஸாஸ்ல ராப்ஸ்டவுன்ற சின்ன ஊர்லதான் இது பொறந்துச்சுன்னு அந்த மாநில சட்டசபையே 2007ல தீர்மானம் போட்டு ஒத்துக்கிச்சு. 1960கள்ல டெக்ஸாஸ் ஆளுங்க அத லாஸ் வேகாஸுக்கு எடுத்துட்டுப் போனாங்க, அங்க அது நல்லா கால் ஊனுன இடங்கள்ல ஒண்ணு கோல்டன் நக்கெட்ன்ற கேசினோ.

ஒமாஹா கதையும் அதே கோல்டன் நக்கெட்லதான் வந்து நிக்குது. ஒமாஹான்றது நெப்ராஸ்கா மாநிலத்துல இருக்குற ஒரு ஊரு பேரு, ஆனா ஆட்டம் பேரெடுத்தது அங்க இல்ல. 1970கள்லயே ஒமாஹான்ற பேர்ல ஒரு ஆட்டம் ஆடிட்டு இருந்தாங்க, ஆனா அதுல கையில ரெண்டே ரெண்டு சீட்டுதான், அந்த ரெண்டையும் கண்டிப்பா சேத்துத்தான் ஆகணும். அதுக்கு டைட் ஹோல்டம்னும் ஒரு பேரு உண்டு. சித்தப்பாவோட கேள்விக்கு பதில் இங்கதான் இருக்கு, "ரெண்டு வந்தே ஆகணும்"ன்றது கையில ரெண்டே சீட்டு இருந்த காலத்து ரூலு. அப்பறம் கைக்கு வர்ற சீட்டு நாலாச்சு, ரூல மட்டும் யாரும் தொடல. 1980கள் ஆரம்பத்துல ராபர்ட் டர்னர்ன்ற ஆட்டக்காரரு இந்த நாலு சீட்டு ஆட்டத்த கோல்டன் நக்கெட்ல போக்கர் ரூம பல வருஷமா நடத்திட்டு இருந்த பில் பாய்டுகிட்ட கொண்டுபோய்க் காட்டுனாரு. பாய்டு சாதா மேனேஜர் இல்ல, ஃபைவ் கார்டு ஸ்டட்ன்ற பழைய போக்கர் வகையில உலகப் பட்டம் ஜெயிச்ச கை, பாத்த உடனே இதுல விஷயம் இருக்குன்னு தெரிஞ்சுருக்கும். "நக்கெட் ஹோல்டம்"னு கடை பேரையே வச்சு ஆட விட்டாரு. கொஞ்ச நாள்லயே வேர்ல்ட் சீரீஸ் ஆஃப் போக்கர்ன்ற வருஷாந்திர பெரிய போட்டியிலயும் சேத்துட்டாங்க, அதுக்குள்ள கடை பேரு போய் ஒமாஹான்ற பேரே நின்னுடுச்சு.

ஒரு கேசினோக்காரன் பாத்த உடனே ஏன் புடிச்சுக்கிட்டான்னு யோசிச்சா, இந்த ஆட்டம் பரவுன காரணம் மொத்தமும் அதுலயே அடங்கிடும்.

மூணு சீட்டுல மொத்தம் 22,100 விதமான கை வரலாம், அதுல முக்கால்வாசி ஒண்ணுக்கும் ஆகாத கை, ஒரு ஜோடி கூட இருக்காது. டிரையல், அதாவது மூணும் ஒரே மாதிரி சீட்டு, வர்றது 425 கையில ஒரு தரம். அதனாலதான் அங்க ஜோடி கெடைச்சாலே ஆளு நிமுந்து உக்காருவான். ஹோல்டம்ல கைக்கு வர்ற ரெண்டு சீட்டு 1,326 விதம். ஒமாஹாவுல நாலு சீட்டு, 2,70,725 விதம். இந்த நம்பர் பெருசா இருக்குறது விஷயம் இல்ல, நாலு சீட்டுல ரெண்டு ரெண்டா பிரிச்சா ஆறு ஜோடி வருது பாருங்க அதுதான் விஷயம், ஒவ்வொருத்தனும் கையில ஆறு ஹோல்டம் கை வச்சுட்டு உக்காந்திருக்கான். ஆறுல ஒண்ணாவது நல்லாத்தான இருக்கும்? எதுக்கு கவுக்கணும், ஃப்ளாப் வரைக்கும் பாத்துடலாமேன்னு தோணும். ஹோல்டம் டேபிள்ல நல்லா ஆடுறவன் பத்துல எட்டு கைய கவுத்துட்டு கொட்டாவி விட்டுட்டு இருப்பான். ஒமாஹா டேபிள்ல கொட்டாவி விட நேரம் கெடையாது.

நாலு பேரு உள்ள இருந்து எல்லாருக்கும் ஆறு ஜோடி இருந்தா கடைசியில ஜெயிக்கிற கையும் பெருசாத்தான் இருக்கும். ஒரே ஒரு ஜோடி ஆஸு வச்சுட்டு ஒமாஹாவுல பொழைக்கவே முடியாது, ஸ்ட்ரெய்ட்டு (அஞ்சும் வரிசையா), கலரு, ஃபுல் ஹவுஸுன்னு (ஒண்ணுல மூணு, இன்னொண்ணுல ரெண்டு) வந்துட்டே இருக்கும். மூணு சீட்டு ஆடுனவனுக்கு இதுல பெரிய பழக்கதோஷம் ஒண்ணு இருக்கு. கையில மூணு ஆஸு வந்தா நமக்கு அது சாமி குடுத்த வரம், ஒமாஹாவுல அதவிட சாபம் வேணாம். ரெண்டுதான் செல்லும், மூணாவது சும்மா உக்காந்திருக்கும், அதுவும் இல்லாம கீழ வரவேண்டிய ஆஸ நீங்களே கையில அடைச்சு வச்சிருக்கீங்க. நாலு ஆஸும் ஒரே கைக்கு வந்தா இன்னும் மோசம், கடைசி வரைக்கும் உங்க கை குடுக்குறது ஒரு ஜோடி ஆஸுதான். எங்க மாடியில ஒரு தரம் சித்தப்பாவுக்கு மூணு ராணி வந்துச்சு, மனுஷன் முகத்துல ஒண்ணும் காட்டலனாலும் காலு ஆட ஆரம்பிச்சுடுச்சு, நாங்க எல்லாரும் கண்டுபிடிச்சுட்டோம்.

பெரிய ஆட்டக்காரங்கள இழுத்தது இன்னொண்ணு. ஹோல்டம்ல ஆஸு ஜோடிக்கு எதிரா ராஜா ஜோடி வந்தா ஆஸு 100க்கு 80 தரத்துக்கு மேலயே ஜெயிக்கும், யாரு முன்னாடி யாரு பின்னாடின்றது தெளிவு. ஒமாஹாவுல ஆஸு ஆஸு ராஜா ராஜான்னு அசத்தலா ஒரு கை வச்சிருந்தாலும் எதிர்ல எட்டு ஏழு ஆறு அஞ்சுன்னு ஒரு வரிசை, ரெண்டு ரெண்டு ஒரே ஜாதியா இருந்தா, கணக்கு 60க்கு 40 பக்கம்தான் நிக்கும். ஃப்ளாப் வந்தப்பறம் அதுவே தலைகீழா மாறிடும். ஒரு உதாரணம், ஃப்ளாப்ல ஒம்போது, எட்டு, ரெண்டு, உங்க கையில ஜாக்கி, பத்து, ஏழு, ஆறு. இப்ப ராணி வந்தாலும் ஸ்ட்ரெய்ட், அஞ்சு வந்தாலும் ஸ்ட்ரெய்ட், ஜாக்கி பத்து ஏழு ஆறுல எது திரும்ப வந்தாலும் ஸ்ட்ரெய்ட், எண்ணிப் பாத்தா 20 சீட்டு. ஹோல்டம்ல ரெண்டு பக்கமும் தொறந்த ஸ்ட்ரெய்ட்டுக்கு 8 சீட்டுதான். பாக்காத சீட்டு 45, வரப்போறது ரெண்டு, ஸ்ட்ரெய்ட் வர்றதுக்கு கிட்டத்தட்ட 70 சதவீதம் வாய்ப்பு, அதாவது இன்னும் கையில ஒண்ணுமே ஆகாத நிலையில! இத வச்சுட்டு யாரு கவுப்பா, யாராவது கவுப்பாங்களா.

எல்லாரும் இப்படி கிட்டக்கிட்ட இருக்குற ஆட்டத்துல இஷ்டத்துக்கு மொத்தத்தையும் தள்ள விட்டா ரெண்டு கையில ஆட்டம் முடிஞ்சுடும், அதனாலதான் ஒமாஹாவுக்கு பாட் லிமிட் வச்சு ஆடுறது பழக்கமாச்சு, பாட்னா நடுவுல சேர்ற காசு. நடுவுல எவ்ளோ இருக்கோ அவ்ளோதான் அதிகபட்சம் ஏத்தலாம். கேக்க அடக்கமா இருக்கும், நடக்கும்போது பாருங்க. நடுவுல 20 கொட்டை, முதல் ஆளு 20 போடுறான், நான் ஏத்தணும்னா முதல்ல அவன் 20க்கு ஈடா 20, அப்ப நடுவுல 60 ஆச்சா, அந்த 60 மேல ஏத்தலாம், ஆக என் கையில இருந்து 80. அவன் இன்னொரு 60 போட்டு பாத்தான்னா நடுவுல 180. இருபதா இருந்தது ஒரே சுத்துல ஒம்போது மடங்கு. சும்மா ஒவ்வொரு சீட்டுக்கும் ஒருத்தன் பாட் போட்டு இன்னொருத்தன் பாத்தாலே மும்மூணு மடங்கா ஏறும், 20, 60, 180, 540. எங்க கந்துவட்டிக்காரன் கூட இந்த வேகத்துல கணக்கு போட மாட்டான்.

அமெரிக்காவுல கொஞ்ச காலம் இதோட ஹை லோ வகைதான் ஓடிட்டு இருந்துச்சு, பாட்ட பெரிய கையும் சின்ன கையும் பாதி பாதி பிரிச்சுக்கும், அது நிதானமான ஆட்டம், அத விட்டுடலாம். பாட் லிமிட் ஒமாஹாவ தூக்கிப் புடிச்சது ஐரோப்பா, முக்கியமா ஃபின்லாந்து ஸ்வீடன் பக்கத்து பசங்க. 2003ல கிறிஸ் மணிமேக்கர்னு ஒரு அக்கவுண்டன்ட் (நெஜப் பேருதான்) ஆன்லைன்ல 86 டாலர் கட்டி உள்ள நுழைஞ்சு வேர்ல்ட் சீரீஸ்ல 25 லட்சம் டாலர் அடிச்சாரு, அந்த வருஷம் அதோட முக்கியப் போட்டியான மெயின் ஈவென்ட்ல 839 பேரு, அடுத்த வருஷமே 2,576 பேரு. கூட்டம் மொத்தம் ஹோல்டம் ஆட வந்துச்சு. கூட்டம் வந்தா கொஞ்ச நாள்ல புத்தகம் வரும், கோச்சிங் வரும், யூடியூப் வரும், எல்லாரும் ஓரளவுக்கு ஆடக் கத்துக்கிட்டாங்க, காசு சம்பாதிக்கிறது கஷ்டமாச்சு. பெரிய கைங்க ஒமாஹா பக்கம் நகந்தாங்க.

2009 நவம்பர்ல ஃபுல் டில்ட்ன்ற ஆன்லைன் போக்கர் சைட்டுல நடந்தது இன்னிக்கும் பேசுவாங்க. இஸில்டுர்1ன்ற பேர்ல யாருன்னே தெரியாத ஒருத்தன் வந்து உலகத்துலயே பெரிய ஆளுங்களோட ஒரே நேரத்துல பல டேபிள்ல ஆடிட்டு இருந்தான். நவம்பர் 21ஆம் தேதி ஃபின்லாந்துக்காரரு பாட்ரிக் அன்டோனியஸ் அவன்கிட்ட ஒரே ஒரு ஒமாஹா கையில ஜெயிச்சது 13,56,946 டாலர், அன்னிக்கு ரேட்டுல ஆறு கோடி ரூபாய்க்கு மேல. அடுத்த மாசம் பிரையன் ஹேஸ்டிங்ஸ்ன்ற அமெரிக்கப் பையன் அதே ஆளுகிட்ட ஒமாஹாவுலயே அஞ்சு மணி நேரத்துல 41 லட்சம் டாலருக்கு மேல ஜெயிச்சான். 2011 ஜனவரியிலதான் தெரிஞ்சுச்சு அந்த இஸில்டுர்1 ஸ்வீடன்காரன் விக்டர் புளோம்னு, வயசு இருபதுதான். ஆட்டத்துக்கு இதவிட விளம்பரம் என்ன வேணும், ராத்திரி பூரா ஆயிரக்கணக்குல ஆளுங்க சும்மா வேடிக்கை பாத்துட்டு உக்காந்திருந்தாங்க.

அப்பறம் 2011 ஏப்ரல் 15, நம்ம தடைக்காலம் ஆரம்பிக்கிற அதே தேதி, அமெரிக்க அரசாங்கம் பெரிய போக்கர் சைட்டு மூணையும் கேஸ் போட்டு முடக்குச்சு. அங்கயும் அன்னிக்கு படகு எல்லாம் கரையில. ஆனா ஒமாஹா நிக்கல, காரணம் கம்ப்யூட்டர். கார்னகி மெலன் யுனிவர்சிட்டியில செஞ்ச லிப்ரேடஸ்ன்ற புரோகிராம் 2017ல நேருக்கு நேரு ஹோல்டம்ல நாலு பெரிய ஆட்டக்காரங்கள தோக்கடிச்சுச்சு, 2019ல புளூரிபஸ்ன்றது ஆறு பேரு டேபிள்லயே ஜெயிச்சுச்சு. ஹோல்டம்ல எந்தக் கைக்கு என்ன பண்ணணும்னு மனப்பாடம் பண்ற அளவுக்கு வந்துடுச்சு. ஒமாஹாவுல கை இருநூறு மடங்கு ஜாஸ்தி, மனப்பாடம் பண்ண முடியாது. அதனால மூளைய நம்பி ஆடுறவனும் இங்க வந்தான், அதிர்ஷ்டத்த நம்பி ஆடுறவனும் இங்கயே வந்தான். ஒரு ஆட்டம் பரவணும்னா இந்த ரெண்டு கூட்டமும் ஒரே டேபிள்ல உக்காரணும்.

என் கணக்கு என்னன்னா, ஒமாஹாவுல தோக்குறவனுக்கு தோத்த மாதிரியே இருக்காது. இத நான் புஸ்தகத்துல படிக்கல. ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு ஆப்ல, பேரு வேணாம், அஞ்சு சீட்டு ஒமாஹா ஆட ஆரம்பிச்சேன், நம்ம நாட்டு ஆப்ல நாலு சீட்டு பத்தாதுன்னு அஞ்சு சீட்டு, ஆறு சீட்டு வரைக்கும் போயிட்டாங்க. அஞ்சு சீட்டுன்னா கையில 10 ஜோடி, ஆறுன்னா 15, கவுக்கவே மனசு வராது. நான் கன்டெய்னர் யார்டுல பில்லிங் பாக்குறேன், நைட் ஷிஃப்ட்ல லாரி வராத நேரத்துல ஃபோன எடுத்தா ஒரு கை, ஒவ்வொரு கையும் ரிவர்லதான் போகும், "ச்சே, ஒரு சீட்டுல போச்சு"ன்னு தோணும், ஃப்ளாப்ல நான்தான முன்னாடி இருந்தேன், கணக்குப்படி நான் ஆடுனது சரிதானன்னு மனசு சொல்லும், உண்மையில எனக்கு கணக்கும் தெரியாது ஒண்ணும் தெரியாது. மூணு மாசத்துல 18,000 ரூபா. மூணு சீட்டுல தோத்திருந்தா முதல் வாரமே எந்திரிச்சிருப்பேன், அதுல எதிராளி டிரையல் காட்டுனா "என்னைய விட பெரிய கை"ன்னு முடிஞ்சுபோச்சு. இங்க ஒவ்வொரு தரமும் கிட்டக்க வந்து போகுது. அதுக்கு மேல ஒவ்வொரு பாட்டுலயும் ஆப்காரன் தன் பங்க எடுத்துக்குவான், ரேக்குன்னு பேரு, பாட் பெருசானா அவனுக்கும் பெருசு, எங்கள்ல தோத்தவன் யாரு ஜெயிச்சவன் யாருன்னு அவனுக்கு கவலையே இல்ல. பில் பாய்டு பாத்த விஷயமும் இதுவாத்தான் இருந்திருக்கும்.

சட்டத்தப் பத்தி சொல்லாம விட முடியாது, ஏன்னா நம்ம மாநிலத்துல போக்கர் கதைய பாதி எழுதுனது கோர்ட்டுதான். 2021 பிப்ரவரியில ஆன்லைன் ரம்மி போக்கரத் தடை பண்ணி சட்டம், அதே வருஷம் ஆகஸ்ட்ல ஹைகோர்ட் ரத்து. ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு தலைமையில கமிட்டி போட்டு 2022ல திரும்ப சட்டம், கவர்னர் திருப்பி அனுப்பி, சட்டசபை மறுபடி நிறைவேத்தி, 2023 ஏப்ரல்ல ஒப்புதல். அதே வருஷம் நவம்பர்ல ஹைகோர்ட் சட்டம் செல்லும், ஆனா ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம், அந்த ரெண்டையும் தடைப் பட்டியல்ல வைக்க முடியாதுன்னு சொல்லிச்சு. 2025 பிப்ரவரியில ராத்திரி 12ல இருந்து காலையில 5 வரைக்கும் ஆடக்கூடாது, ஆதார் காட்டணும்னு விதி வந்துச்சு, என் நைட் ஷிஃப்ட் ஆட்டம் அதோட படுத்துச்சு. அந்த ஆகஸ்ட்ல மத்திய அரசு ஒரே போடா போட்டுச்சு, காசு கட்டி ஆடுற ஆன்லைன் ஆட்டம் திறமையோ அதிர்ஷ்டமோ எதுவா இருந்தாலும் கூடாதுன்னு பார்லிமென்ட்ல ரெண்டே நாள்ல நிறைவேறி, 22ஆம் தேதி ஜனாதிபதி கையெழுத்தும் ஆச்சு. பெரிய ஆப் எல்லாம் கடைய மூடுச்சு. காசு வச்சு ஒமாஹா ஆடணும்னா கோவா கேசினோ கப்பல் மாதிரி எடத்துக்குத்தான் போகணும்.

இல்லன்னா எங்க மாடிக்கு வரலாம், கொட்டை நாங்க தர்றோம். சித்தப்பா இப்ப ரூல புடிச்சுட்டாரு, ஒத்த இஸ்பேட் ஆஸு வச்சுட்டு கலர் இருக்குற மாதிரியே தள்ளி தம்பிய ரெண்டு தரம் கவுக்க வச்சுட்டாரு, ஆஸு இவர் கையில இருந்தா அவன்கிட்ட பெரிய கலர் இருக்க முடியாதுன்ற கணக்கு வரைக்கும் வந்துட்டாரு, யாரும் சொல்லித் தரல. இப்ப அவருக்கு நாலு சீட்டு பத்தல, அஞ்சு போடுன்றாரு. போன ஞாயித்துக்கெழம ஒம்போது பேரு உக்காந்திருந்தோம், ஆளுக்கு அஞ்சுன்னா 45, கீழ அஞ்சு, ஒவ்வொரு சுத்துக்கும் மேல இருந்து ஒரு சீட்டு எடுத்து ஓரமா வைக்கணும் அது மூணு, மொத்தம் 53, கட்டுல 52தான் இருக்கு சித்தப்பா, ஒண்ணு குறையுதுன்னேன்.

"அப்ப ஜோக்கர் ஒண்ணு போட்டுக்க"ன்னுட்டு அட்டைய என் பக்கம் தள்ளுனாரு.